செயலிகளுக்கும் சாலைச் சோதனை தேவை

சென்ற நவம்பர் மாதத்தில் ஒரு காலை. எங்கள் தெருவில் வசிக்கும் எழுபத்தாறு வயது ஓய்வூதியர் ஒருவர், உயிர்வாழ் சான்றிதழ் பெறுவதற்கு உதவுமாறு என்னை அழைத்திருந்தார். கைப்பேசிச் செயலியில் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினால் போதும், அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால், அந்த அம்மையார் கூடத்தில் அமர்ந்து சிமிட்டினார், செயலி ஏற்கவில்லை. சன்னலோரம் நின்று சிமிட்டினார், ஏற்கவில்லை. திண்ணை வெளிச்சத்திலும் அதே கதை. பதினொரு முறை தோற்ற பிறகு, விடுமுறைக்கு வந்திருந்த பேரனின் புதிய கைப்பேசியில் முயன்றோம். முதல் முறையிலேயே சான்றிதழ் கிடைத்துவிட்டது.

அதே முகம், அதே திண்ணை, அதே செயலி. மாறியது கைப்பேசி மட்டுமே. 'அடுத்த ஆண்டு பேரன் வெளியூரில் இருந்தால், நான் உயிரோடு இருப்பதை யார் சொல்வார்கள்?' என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நிகழ்வை என்னிடம் பொருளியல் பயின்று, பின்னர் மென்பொருள் சோதனைத் துறைக்குச் சென்றுவிட்ட பழைய மாணவர் ஒருவரிடம் கூறினேன். அவர் வியப்படையவில்லை. 'எங்கள் கணினியில் சரியாகத்தானே இயங்குகிறது என்பதுதான் எங்கள் தொழிலில் அதிகம் கேட்கும் வாக்கியம், சார்' என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இன்றைய ஆட்சி நிர்வாகத்தின் பெரிய சிக்கல் ஒன்று அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கைப்பேசிச் செயலியை உருவாக்குவோர், அதைப் பெரும்பாலும் முதலில் சோதிப்பது கைப்பேசியில் அன்று. 'எமுலேட்டர்' என்ற மென்பொருள் ஒன்று உண்டு. அது கணினித் திரையிலேயே ஒரு கைப்பேசியை உருவாக்கிக் காட்டும். வேண்டிய திரை அளவு, வேண்டிய ஆண்ட்ராய்டு பதிப்பு என எதையும் சில நொடிகளில் மாற்றிக்கொள்ளலாம். ஐம்பது வகைக் கைப்பேசிகளை விலைகொடுத்து வாங்காமலேயே ஐம்பது வகைகளிலும் செயலியின் தோற்றத்தைப் பார்த்துவிடலாம். ஒரே இரவில் ஆயிரக்கணக்கான சோதனைகளைத் தானியங்கியாக நடத்தலாம். பிழைகளைத் தொடக்கத்திலேயே களைவதற்கு இதைவிடச் சிக்கனமான கருவி இல்லை. அதைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று.

ஆனால், எமுலேட்டருக்கு வெயில் தெரியாது. நிஜக் கைப்பேசி இருப்பிடத்தை அறிய, வானத்துச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைத் தேடிப் பிடிக்க வேண்டும். மரத்தடியிலும் கட்டடங்களுக்கு இடையிலும் மலிவுவிலைக் கைப்பேசிக்கு இது நிமிடக் கணக்கில் ஆகலாம். எமுலேட்டரில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தட்டச்சு செய்தால் போதும், இருப்பிடம் கிடைத்துவிடும். கேமராவைத் திறந்தால், கணினி வரைந்து தரும் ஓர் அறை சீரான வெளிச்சத்தில் தோன்றும். எதிர்வெயிலில் கறுத்துப்போகும் முகம் அங்கே இல்லை. இணைய வேகத்தைக் குறைத்துச் சோதிக்கும் வசதி எமுலேட்டரிலும் உண்டு. எனினும், ஏரிக்கரையின் ஒரு மூலையில் வந்து, பத்தடி நகர்ந்தால் மறைந்துபோகும் சமிக்ஞையின் போக்கு வேறு.

நினைவகத்தின் கதையும் அப்படித்தான். குடும்பத்தினர் நால்வர் பகிர்ந்துகொள்ளும் கைப்பேசியில் திருமண ஒளிப்படங்களும் வாட்ஸ்ஆப் காணொலிகளும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். மின்கலத்தைச் சேமிப்பதற்காகச் சில தயாரிப்பாளர்கள், பின்னணியில் இயங்கும் செயலிகளைத் தாமாகவே நிறுத்திவிடும் ஏற்பாட்டைக் கைப்பேசியில் வைத்திருக்கிறார்கள். சமிக்ஞை வந்ததும் அனுப்பலாம் என்று காத்திருந்த பதிவு அப்போது பாதியில் நின்றுபோகும். சித்திரை வெயிலில் கருவி சூடேறினால் வேகம் குறையும். திரையில் உள்ள எழுத்து கண்ணுக்குத் தெரியாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, எமுலேட்டரில் பொத்தானை அழுத்துவது ஒரு பொறியாளரின் கையிலுள்ள மவுஸ். களத்தில் அழுத்துவதோ மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்.

சோதனைக்கூடத்துக்கும் களத்துக்கும் உள்ள இந்த இடைவெளி மென்பொருளுக்கு மட்டும் உரியது அன்று. மோட்டார் வாகனத் துறை இதே பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்கள் ஆய்வகச் சோதனைகளில் தேர்ச்சி பெற்றவை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எடுத்துச் செல்லத்தக்க கருவிகளைக் காரில் பொருத்தி, நிஜச் சாலைகளில் ஓட்டி அளந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அந்தக் கார்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளை, அனுமதிக்கப்பட்ட வரம்பைப்போல 40 மடங்கு வரை உமிழ்வதாக 2015-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. அங்கு நடந்தது திட்டமிட்ட மோசடி. செயலிகளில் அத்தகைய உள்நோக்கம் இருப்பதாக நான் கூறவில்லை. ஆனால், அதிலிருந்து உலகம் பெற்ற படிப்பினை இங்கும் பொருந்தும். 2017 செப்டம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியம், புதிய வகைக் கார்களுக்குச் சாலையில் ஓட்டி அளக்கும் உமிழ்வுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. இந்தியாவும் பாரத் ஸ்டேஜ்-6 விதிகளின் இரண்டாம் கட்டமாக, 2023 ஏப்ரல் 1 முதல் அதே நெறியைப் பின்பற்றுகிறது.

அதாவது, ஆய்வகத்தில் தேறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு காரை நம்பிவிடக் கூடாது என்பதை நம் அரசு சட்டபூர்வமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏழையின் கூலியையும் முதியோரின் ஓய்வூதியத்தையும் குழந்தையின் சத்துணவையும் தீர்மானிக்கும் செயலிகளுக்கு அந்தக் கண்டிப்பு ஏன் இல்லை என்பதே என் கேள்வி.

100 நாள் வேலைத் திட்டத்தின் அனுபவத்தைப் பார்ப்போம். பணித்தளங்களில் வருகையைப் பதிவதற்கான என்எம்எம்எஸ் செயலி 2021 மே மாதம் அறிமுகமானது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிகளுக்கான பணிகள் நீங்கலாக, எல்லாப் பணித்தளங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. நாளொன்றுக்கு இருமுறை, நேரமும் இருப்பிடமும் பதிவான ஒளிப்படத்தைப் பணித்தளப் பொறுப்பாளர் பதிவேற்ற வேண்டும். இல்லாத ஆள்களின் பெயரில் கூலி எடுக்கப்படுவதைத் தடுப்பது இதன் நோக்கம். அந்த நோக்கத்தில் எவருக்கும் மாறுபாடு இருக்க முடியாது. போலி வருகைப் பதிவு ஊரறிந்த உண்மை.

நடந்தது என்ன? சமிக்ஞை கிடைக்காத இடங்களில் பதிவேற்றம் தடைபட்டது. வேலை செய்தவர்களின் வருகை ஏறாமல் போனதாகப் பல மாநிலங்களிலிருந்தும் முறையீடுகள் எழுந்தன. அதே வேளையில், ஏமாற்ற நினைத்தவர்கள் செயலியின் பலவீனத்தை விரைவில் கண்டுகொண்டனர். 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், தொடர்பற்ற படங்கள் பதிவேற்றப்படுவதையும், நேரடிப் படத்துக்குப் பதிலாக ஏற்கெனவே எடுத்த படத்தையே படம்பிடித்து அனுப்புவதையும் சுட்டிக்காட்டியது. இதற்குத் தீர்வாக, ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் மனிதக் கண்கொண்டு சரிபார்க்குமாறு அறிவுறுத்தியது. மனிதரின் பிழையைத் தவிர்க்க இயந்திரம் வந்தது. இயந்திரத்தின் பிழையைத் திருத்த மீண்டும் மனிதரே வர வேண்டியதாயிற்று. உண்மையாக உழைத்தவர் வெளியே நிற்க, போலிகள் உள்ளே நுழைய வழிவிட்ட ஒரு கருவி, கட்டாயமாக்கப்படும் முன் எந்த ஏரிக்கரையில், எத்தனை நாள் சோதிக்கப்பட்டது என்று கேட்பது நியாயமே.

இது முதல் எச்சரிக்கையும் அன்று. கைரேகைவழிச் சரிபார்ப்பில் ஜார்க்கண்டில் 49 விழுக்காடும் ராஜஸ்தானில் 37 விழுக்காடும் தோல்வி நேர்வதாகக் கூறும் மதிப்பீடுகளை, 2016-17 ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பொருளாதார ஆய்வறிக்கையே எடுத்துக்காட்டியிருந்தது. 2021-இல் பதினெட்டு முதல் நாற்பத்து நான்கு வயதினருக்குக் கரோனா தடுப்பூசி செலுத்தும் பணி தொடங்கியபோது கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயமாக இருந்தது. கணினியும் இணையமும் எட்டாத மக்கள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றம் அப்போது வினவியது.

வளர்ந்த நாடுகளும் விதிவிலக்கல்ல. 2020 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வுக் கூட்டங்கள் நடந்தன. ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட வட்டங்களின் முடிவுகளை அனுப்ப ஒரு புதிய கைப்பேசிச் செயலி அவசரமாக உருவாக்கப்பட்டிருந்தது. பலரால் அதைக் கைப்பேசியில் நிறுவவே முடியவில்லை. நிறுவியவர்களின் தரவுகளும் முழுமையாக வந்து சேரவில்லை. மாற்று வழியாக இருந்த தொலைபேசி இணைப்புகள் நெரிசலில் திணறின. உலகமே எதிர்பார்த்த முடிவுகள் நாள் கணக்கில் தாமதமாயின. ஆனாலும், அயோவாவில் முடிவைக் காப்பாற்றியது ஒன்று உண்டு. அது காகிதப் பதிவு. செயலி தோற்றபோதும் வாக்குகளின் கணக்கு காகிதத்தில் பத்திரமாக இருந்தது.

பொருளியல் ஆசிரியன் என்ற முறையில், இச்சிக்கலின் வேரைச் செலவுக் கணக்கில் தேட விரும்புகிறேன். எமுலேட்டரில் சோதிப்பது மலிவு. களத்தில் சோதிப்பதற்குப் பணமும் நேரமும் ஆள்களும் தேவை. களச் சோதனையைத் தவிர்ப்பவர் அந்தச் செலவை மிச்சப்படுத்துகிறார். ஆனால், செலவு மறைந்துவிடுவதில்லை, கைமாறுகிறது. ஒருவர் தம் செயலின் சுமையை, அதில் எந்தப் பங்கும் இல்லாத பிறர் தலையில் இறக்கிவைப்பதைப் பொருளியலில் 'புறவிளைவு' என்போம். ஆர்தர் பிகு நூறாண்டுகளுக்கு முன்னரே இதை விளக்கியிருக்கிறார். ஆலைப் புகைக்குப் பொருந்துவது அரைகுறையாகச் சோதிக்கப்பட்ட செயலிக்கும் பொருந்தும்.

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். எட்டாயிரம் ரூபாய் விலையுள்ள கைப்பேசிகள் முப்பதை வாங்கினால் ஆகும் செலவு 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். 2025-26 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைத் திட்டத்தின் ஒருநாள் கூலி 336 ரூபாய். செயலிப் பிழையால் ஒரே நாளில் பத்தாயிரம் பேரின் வருகை பதியாமல் போவதாக வைத்துக்கொண்டால், அவர்கள் இழக்கும் தொகை 33 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். இது கற்பனைக் கணக்குதான். ஆனால், சோதனைக்கான செலவு எவ்வளவு சிறியது, சோதிக்காமையின் விலை எவ்வளவு பெரியது, அந்த விலையைக் கொடுப்பவர் யார் என்பதை இது காட்டும். சோதனைக்காக ஒதுக்கப்படாத பணம், கூலியாளின் மடியிலிருந்து எடுக்கப்படுகிறது. அவர் ஊதியமில்லாத சோதனையாளர் ஆக்கப்படுகிறார்.

தனியார் செயலி சரியில்லையென்றால் வாடிக்கையாளர் அதை நீக்கிவிட்டு வேறொன்றுக்குப் போய்விடுவார். அந்த அச்சமே நிறுவனங்களைக் கவனமாகச் சோதிக்கத் தூண்டுகிறது. அரசுச் செயலிக்கு மாற்று இல்லை. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலில், ஓர் அமைப்பு சீர்கெடும்போது மக்களுக்கு இரு வழிகள் இருப்பதாகக் கூறினார். ஒன்று விலகிச் செல்வது. மற்றொன்று குரல் எழுப்புவது. கட்டாயச் செயலியில் முதல் வழி அடைபட்டிருக்கிறது. இரண்டாவது வழியும் எளிதன்று. பாதிக்கப்பட்டவர் ஒன்றிய அலுவலகத்துக்கு ஒருநாள் அலைந்தால் இன்னொரு நாள் கூலி போய்விடும். ஆகவே, சந்தை செய்யும் கண்காணிப்பை இங்கே விதிகள்தாம் செய்ய வேண்டும்.

இதற்கு எதிராகச் சில வாதங்கள் உண்டு. சந்தையில் ஆயிரக்கணக்கான கைப்பேசி வகைகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் சோதிப்பது இயலாது என்பது ஒன்று. உண்மைதான். ஆனால், கருத்துக்கணிப்பு நடத்துவோர் நாட்டில் உள்ள எல்லாரையுமா கேட்கிறார்கள்? சரியான மாதிரியைத் தேர்ந்தெடுப்பதே போதுமானது. பயனாளிகளின் கையில் உண்மையில் இருக்கும் கைப்பேசிகளில் மிக மலிவான, மிகப் பழைய சிலவற்றில் செயலி இயங்கினால், மற்றவற்றைப் பற்றிய கவலை பெருமளவு குறையும். திட்டங்களைத் தாமதப்படுத்த முடியாது என்பது இன்னொரு வாதம். மூன்று மாதத் தாமதத்துக்கு அஞ்சி, மூன்று ஆண்டுகள் சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டிருப்பது விரைவு ஆகாது.

இவ்விடத்தில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நினைவுகூர வேண்டும். அமில வீச்சால் முகமும் கண்களும் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. வங்கிக் கணக்கு தொடங்க, கேமரா முன் கண் சிமிட்டி உயிருடன் இருப்பதை மெய்ப்பிக்கக் கோரினால், இமைகளே இல்லாதவர் என்ன செய்வார் என்பதே அவர்களின் முறையீடு. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, எண்ம வசதிகளைப் பெறுவது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது கூறு அளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்து, 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழிகள், காகிதவழிச் சரிபார்ப்பு ஆகியவற்றோடு, செயலிகளை வடிவமைக்கும்போதே பயனர் ஏற்புச் சோதனையில் பார்வையற்றோரைச் சேர்க்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. பயன்படுத்தப்போகிறவரின் கையில் கொடுத்துச் சோதிக்காத செயலியைச் சோதிக்கப்பட்டதாகக் கருத முடியாது என்ற கோட்பாட்டுக்கு இதைவிட உயர்ந்த சான்று வேண்டியதில்லை.

இதை இப்போது வலியுறுத்தக் காரணம் உண்டு. 2005 ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு மாற்றாக, ஆண்டுக்கு 125 நாள் வேலை என்ற உறுதியுடன் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. அதிலும் உயிரி அடையாளச் சரிபார்ப்பு, கைப்பேசிவழிக் கண்காணிப்பு ஆகியவை முக்கிய இடம் பெற்றுள்ளன. புதிய சட்டத்தின் நிறை குறைகளைப் பற்றிய விவாதம் தனி. எப்படியாயினும் புதிய செயலிகளோ, பழையவற்றின் புதிய வடிவங்களோ வரத்தான் போகின்றன. பழைய தவறு புதிய பெயரில் தொடராமல் இருக்கச் சில நெறிகள் தேவை.

முதலாவதாக, கூலி, உணவு, ஓய்வூதியம் போன்ற உரிமைகளோடு பிணைக்கப்படும் எந்தச் செயலியும், கட்டாயமாக்கப்படும் முன் மலை, கடற்கரை, காடு, நகர்ப்புறக் குடிசைப் பகுதி எனப் பல்வேறு இடங்களில், பயனாளிகளின் சொந்தக் கைப்பேசிகளில், வெயிலும் மழையும் அடங்கிய ஒரு காலப்பகுதியில் சோதிக்கப்பட வேண்டும். எத்தனை முயற்சிகளில் எத்தனை வெற்றி என்ற விவரம் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்குப் பிறகும் இச்சோதனை திரும்ப நடத்தப்பட வேண்டும். அரசு இணையதளங்களுக்கும் செயலிகளுக்கும் பாதுகாப்பு, அணுகல் ஆகியவை குறித்த வழிகாட்டு நெறிகள் ஏற்கெனவே உள்ளன. களச் சோதனையும் அவற்றில் அதே அழுத்தத்தோடு இடம்பெறட்டும்.

இரண்டாவதாக, தோல்வியின் சுமை அமைப்பின் மீது விழ வேண்டும். செயலி இயங்காத நாளில் காகித வருகைப் பதிவேடு முழு மதிப்புள்ள ஆவணமாக ஏற்கப்பட வேண்டும். தாம் வேலை செய்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு கூலியாளுடையது அன்று. வேலை செய்யவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பே அரசினுடையது.

மூன்றாவதாக, செயலியை உருவாக்கும் நிறுவனத்துக்கான தொகையில் ஒரு பகுதி, களத்தில் கிடைக்கும் வெற்றி விகிதத்தோடு இணைக்கப்பட வேண்டும். கூடத்தில் காட்டப்படும் செயல்விளக்கத்தைப் பார்த்துவிட்டு முழுத் தொகையையும் கொடுத்துவிட்டால், ஏரிக்கரைக்குப் போக எவருக்கும் அக்கறை பிறக்காது.

நான்காவதாக, 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, திட்டப் பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபைக்கு அளித்தது. அந்த மரபைப் புதிய ஏற்பாட்டிலும் வலுவாக வைத்துக்கொண்டு, வெட்டிய குளத்தை அளப்பதைப் போலவே செயலியின் நடப்பையும் தணிக்கைக்கு உட்படுத்தலாம். எத்தனை நாள் பதிவு தடைபட்டது, எவர் கூலி இழந்தார் என்பதை ஊரார் முன்னிலையில் பதிவு செய்வதற்குக் கணினி அறிவு தேவையில்லை.

தொழில்நுட்பத்தை வேண்டாம் என்று ஒதுக்குவது விவேகம் ஆகாது. வங்கிக் கணக்கில் நேரடியாகக் கூலி வந்து சேர்வதன் அருமையை, இடைத்தரகர்களிடம் கையேந்திய காலத்தைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்த நான் நன்கு அறிவேன். அந்த நன்மை எல்லாரையும் எட்ட வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் கூற வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் விதிகளாக்கக் காலம் ஆகலாம். அதுவரை எளிய வழி ஒன்று உண்டு. அடுத்த செயலிக்கு ஒப்புதல் கையெழுத்திடும் உயர் அதிகாரி, அதற்கு முன் ஒரே ஒரு நாள், ஏதேனும் ஓர் ஊராட்சியின் பணித்தளப் பொறுப்பாளரிடம் அவருடைய கைப்பேசியை இரவல் வாங்கிக்கொள்ளட்டும். நிழலில்லாத ஏரிக்கரையில் நின்று, காலையும் மாலையும் வருகையைத் தம் கையாலேயே பதிந்து பார்க்கட்டும். எல்லாப் பெயர்களும் பதிந்தால், அந்த இடத்திலேயே கையெழுத்திடலாம்.